கௌதமின் டீ முறை

— காலையில வந்தான், கார்டு தேச்சான், நேரா அவன் டேபிள்ல போய் குந்தினான். அவ்ளோதான் சார். பிளேடத் தொடல, ரப்பர் வாஷரத் தொடல. ரெண்டு கையையும் மடியில வெச்சிகினு குந்திகினே கீறான்.

— ஏனுங்க வேம்புலி தம்பி, என்ற பையன யாராச்சு பின்னாடி வந்து தொட்டுட்டாங்களோ? அது அவனுக்கு ஆகாதுங்க.

— யார் சார் தொடப்போறா? அவன் டேபிளாண்ட போறதுக்கே இப்பல்லாம் பயப்படறாங்க.

— சைரன சொல்லாம கொள்ளாம ஊதீட்டீங்களா?

— இல்ல சார். அவன் வேலைக்கு சேர்ந்ததுலேர்ந்து, சைரனுக்கு முன்னாடி சூப்பர்வைசர் நானே எதிர்ல போய் நின்னு கை காட்டறேன். அவன் காதுல அந்த மூடிய எடுத்து மாட்டிக்கினப்புறம்தான் கேட்டுக்கு சிக்னல் குடுப்பேன். இன்னிக்கும் அப்டித்தான்.

— டியூப் லைட்டு ஏதாச்சு மினுக்குதுங்களா?

— வேலுசாமி சார், நீங்க இன்னா இன்னா கேப்பீங்கன்னு எனக்கு தெரியும். அத்தெல்லாம் நானே கேட்டு பாத்துட்டேன். லைட்டா, சத்தமா, வவுத்து வலியா, யார்னா திட்டினாங்களா, அல்லாத்துக்கும் வாயே தொறக்கல. ஒன்னே ஒன்னுதான் சொன்னான். ‘அப்பாவ கூப்பிடுங்க.’ அதான் வெள்ளானூர்ல உங்க ஊட்டுக்கு போன் போட்டேன். எதுக்கோ பயந்துகினு கீறான்னு நெனைக்கிறேன்.

— பயந்தா அப்பனத்தானுங்க தேடுவான். நல்ல காரியம் பண்ணுனீங்க தம்பி.

— நல்லதா கெட்டதான்னு அப்பால பாக்கலாம். பாத்து வாங்க, இங்க தரையில எண்ணெய் கீது. நடந்துகினே ஒரு விஷயத்த காதுல வாங்கிக்கங்க. இந்த வாரம் அவன பர்மனென்ட் பண்ணணும். எச்.ஆர். ஷோபனா மேடம் அல்லாத்தையும் ரெடி பண்ணி வெச்சிருக்கு. இப்ப அதுவே சொல்லிடுச்சு, ஷிஃப்ட் முடியறதுக்குள்ள இவன் வேலையில கைய வெக்கலன்னா ஊட்டுக்கு அனுப்பிச்சிட வேண்டியதுதான்னு. மேல இருக்கறவங்க கேட்டா அதால பதில் சொல்ல முடியாது.

— ஆட்டிசம் இருக்கற பையன்னு தெரிஞ்சுதானுங்களே எடுத்தீங்க?

— தெரிஞ்சிதான் எடுத்தோம். வாயால சொன்னா அவனுக்கு நிக்கல, அத்தொட்டு இன்னிக்கு எந்த வாஷரு, எந்த பெட்டின்னு எழுதி தினிக்கும் டேபிள்ல ஒட்டறேன். நான் கொறையா சொல்லல. வேலையும் நல்லாத்தான் செய்யறான். மத்தவங்க மாதிரி ஒரு நாள் ஜாஸ்தி வெட்டுவான், ஒரு நாள் கொறைவா வெட்டுவான், நானும் அல்லாரையும் மாதிரி அவனையும் சத்தம் போடுவேன். ஆனா வாஷர்ல பிசிறு வெட்ற ஆளு பிசிறு வெட்டாம குந்தினா இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க.

— இந்த வேலை போச்சுன்னா வேற எங்கயும் எடுக்க மாட்டாங்க தம்பி. எத்தன கம்பெனி ஏறி இறங்குனோம்னு எனக்குத்தான் தெரியும். இன்டர்வியூல கண்ணப் பாத்துப் பேசலைன்னு திருப்பி அனுப்புனவங்கதான் எல்லாரும். எனக்கும் வயசாகுதுங்க. அவங்கம்மா போய்ச் சேந்துட்டா. எனக்கப்புறம் அவனுக்கு இந்த வேலைதானுங்க.

— தெரியும் சார். அதான் மேடம் சொன்ன உடனே ஓடியாந்து உங்களுக்கு போன் அடிச்சேன். அதோ கீறான் பாருங்க.

— கௌதமு. ஏஞ்சாமி, அப்பா வந்திருக்கறேன். என்ன ஆச்சு கண்ணு?

— வாங்கப்பா. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. வேம்புலி அண்ணாவும் இருக்கணும்.

— நான் எங்கயும் போவல நைனா. பேசிட்டியே, அதுவே போதும். சொல்லு, இன்னா உன் பேஜாரு?

— முதல்ல அப்பா பேசட்டும். நான் அப்புறம் பேசறேன்.

— நான் என்னத்த சாமி பேசறது? உனக்கு என்ன வேணும்னு சொல்லு, மேடத்துகிட்ட பேசி வாங்கித் தர்றேன். ரப்பர் நாத்தம் மண்டைய இடிக்குதா? ஜன்னலோரமா டேபிள மாத்தச் சொல்லட்டுமா?

— வேண்டாம்.

— ஏ.சி. ரூமு கேக்கட்டுமா? ஸ்டோர் ரூம்ல ஒரு பக்கமா தட்டி வெச்சு அடைச்சுக் குடுத்தாங்கன்னா, ஒரு சத்தமும் வராது, ஒருத்தர் மூஞ்சியும் பாக்க வேண்டாம்.

— வேண்டாம்பா.

— அப்ப நேரத்தக் கொறைக்கச் சொல்லலாமுங்களா தம்பி? மதியத்தோட அனுப்பிடறாப்புல?

— சார், போதும் சார். அவன் வேணான்னு சொல்லிகினே கீறான், நீங்க பாட்டுக்கு அடுக்கிகினே போறீங்க. ஒன்னு கேக்கறேன், கோச்சிக்கக் கூடாது.

— கேளுங்க.

— இவன் சேரச்சொல்ல மேடத்தாண்ட நீங்க ஒரு பத்து கோரிக்கை வெச்சீங்களே, அத்தினியும் இவனுக்கு நெஜமாலுமே வேணுமா?

— அதென்னங்க அப்படிக் கேட்டுப்புட்டீங்க? ஆவடி ஃபேக்டரில ரிட்டயர் ஆகற வரைக்கும் யூனியன்ல இருந்தவனுங்க நானு. நாலு வேணும்னா பத்து கேக்கோணும். நிர்வாகம் அதுல ஆற அடிச்சுப் போடும். நாம கத்துவோம், கேட்டுல உக்காருவோம். கடைசீல நாலு கைல நிக்கும். அதுதானுங்க பேச்சுவார்த்தை.

— மேடம் எத்தினிய அடிச்சிச்சு?

— ஒன்னையும் அடிக்கலீங்க. எல்லாத்துக்கும் சரின்னுட்டாங்க. நெசத்தச் சொல்லோணும்னா எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. என்ற சர்வீஸ்ல எந்த நிர்வாகமும் அப்படித் தலையாட்டுனதில்ல. பஸ்ல போறப்ப நெனச்சேன், இன்னும் கொஞ்சம் சேத்துக் கேட்டிருக்கலாமேன்னு.

— அப்பால வந்து கேக்கவும் செஞ்சீங்களே.

— கேட்டேனுங்க. குடுக்கறவங்ககிட்ட கேக்கறதுல என்ன தப்பு?

— அந்த பொண்ணுக்கு அடிக்கணும்னு தெரியாது சார். எங்கியோ கிளாஸுக்கு போயிட்டு வந்துது. ஊட்ல கேக்கறத மறுக்காதீங்க, புள்ளைய பத்தி அவங்களுக்குத்தான் தெரியும்னு சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. நீங்க பேரம் பேசற மாதிரி கேட்டீங்க, அது டாக்டர் சொன்ன மாதிரி எடுத்துகிச்சு. கேன்டீன் வேணான்னீங்க, ஸ்டோர் ரூம்ல தனியா சாப்ட டேபிள் போட்டுடுச்சு. என்னைத் தவுர யாரும் அவனாண்ட பேசக் கூடாதுன்னீங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுச்சு, லைன்ல யாரும் அத பெருசா எடுத்துக்கல. ஆயுத பூஜைக்கு மோளம் அடிப்பாங்க, ஆவாதுன்னீங்க, லீவு குடுத்துடுச்சு. அன்னிக்கு அல்லார் டேபிளுக்கும் அவங்கவங்களே சந்தனம் வெச்சிகினாங்க. இவன் டேபிளுக்கு மட்டும் எதிர் டேபிள் எல்லம்மா வெச்சிது.

— பூசணிக்காய் உடைக்கும்போது மட்டும் நான் வெளிய நின்னிருப்பேன். மத்த நேரம் இருந்திருப்பேன். பொரி வாங்கியிருப்பேன்.

— அப்படியா சாமி? உனக்கு மோளச்சத்தம் ஆகாதேன்னுதான்...

— காதுக்கு மூடி இருக்கு. நீங்க கேக்கல. லீவுன்னு சொன்னீங்க.

— சரி விடு. அடுத்த வருசம் பாத்துக்கலாம். இப்ப அதுக்காகவா வேலை செய்யாம உக்காந்திருக்கற?

— இல்ல. நீங்க இன்னும் முடிக்கல. முடிச்சுடுங்க.

— நான் முடிச்சாச்சு சாமி. நீ சொல்லு.

— நீங்க டீ விஷயத்த இன்னும் சொல்லல.

— டீயா? ஓ, அந்த எடுபிடி விசயமா? அதத்தான் நான் அன்னைக்கே மேடத்துகிட்டச் சொல்லி முடிச்சு வெச்சுட்டேனே. இனிமேல் உன்னை யாரும் வேலை ஏவ மாட்டாங்க.

— எடுபிடியா? சார், உங்கள வெச்சிகினு நான் இன்னா பண்றது. அது எடுபிடி இல்ல சார். அது முறை.

— என்னங்க பெரிய முறை?

— கம்பெனி டீய வாயில வெக்க முடியாது. அத்தொட்டு எங்க லைன்ல தினிக்கும் ஒரு ஆளு கேன எடுத்துகினு வெளிய கடைக்கு போயி வாங்கியாரணும். ஆம்பள பொம்பள, சூப்பர்வைசரு, ட்ரெய்னி, ஒன்னியும் கெடையாது. நானும் போறேன். புதுசா ஒரு ஆளு வந்தா, கொஞ்ச நாள் பாப்பாங்க. இவன் நம்மாளுன்னு தோணிச்சுன்னாதான் முறையில சேப்பாங்க. போன வாரம் எல்லம்மாதான் சொல்லிச்சு, கௌதமையும் சேத்துக்கலாம்னு. எதிர் டேபிள்ல பிசிறு வெட்டுதே, பாரிவாக்கத்துலேர்ந்து வருதே, அந்த எல்லம்மா.

— எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க தம்பி. நான் கண்ணால பாத்ததச் சொல்றேன். அன்னைக்கு சாப்பாடு குடுக்கலாம்னு கேரியரோட வர்றேன். லாரி சர்ரு சர்ருன்னு போற எஸ்டேட் ரோட்டுல, என்ற பையன் கைல டீ கேனத் தூக்கிட்டு நிக்கறான். சட்டையெல்லாம் டீ. வாயில்லாத பையன் ஒருத்தன் சிக்கிட்டான்னா அவனத்தான் எல்லாரும் எடுபிடிக்கு வெப்பாங்க. எத்தன எடத்துல பாத்திருக்கறேன். இந்த மாதர அநியாயத்தக் கேக்கத்தான் நான் ஆயுசு பூரா சண்ட போட்டேன். என்ற பையனுக்கே நடக்கறப்ப சும்மா இருக்கச் சொல்றீங்களா?

— அவனாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?

— அவன்கிட்டக் கேட்டா என்னத்தச் சொல்லுவான்? எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவான்.

— இப்ப உங்கள்ட்ட எத்தினி தபா வேணாம்னு சொன்னான், எண்ணிப் பாத்தீங்களா? அவன அனுப்பறதுக்கு எல்லம்மா எவ்ளோ ஏற்பாடு பண்ணிச்சு தெரியுமா சார்? மொத நாளே அவனாண்ட சொல்லிடுச்சு, நாளைக்கு உன் முறைன்னு. திடீர்னு சொன்னா அவனுக்கு ஆவாதுன்னு அதுக்கு யாரும் கிளாஸ் எடுக்கல, தானா கண்டுகிச்சு. எத்தினி டீ, அதுல சக்கரை இல்லாதது எத்தினின்னு ஒரு அட்டையில எழுதி குடுத்துது. கடைக்காரராண்ட போயி, ஒரு பையன் வருவான், பேச மாட்டான், அட்டைய நீட்டுவான், கேன்ல ஊத்தி அனுப்புன்னு சொல்லி வெச்சிட்டு வந்துது. ரோட்ட தாண்ட வேணாம், இந்தப் பக்கம் கீற கடைக்கே போவட்டும்னு கடையவே மாத்தினாங்க சார் அல்லாரும். அந்தக் கடை டீ கொஞ்சம் மட்டம்தான். பரவால்லன்னாங்க.

— இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லலீங்களே.

— நீங்க எங்க கேட்டீங்க? கேரியர செக்யூரிட்டியாண்ட வெச்சிட்டு நேரா மேடம் ரூமுக்கு போனீங்க. மாற்றுத்திறனாளிய எடுபிடியா வெச்சிருக்காங்க, நான் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போவேன்னு சத்தம் போட்டீங்க. அந்த பொண்ணு பயந்து போயி எல்லம்மாவுக்கு மெமோ குடுத்துடுச்சு.

— மெமோவா?

— ஆமா சார், மெமோ. இன்னொன்னு வாங்கினா வேலைய வுட்டு தூக்கிடுவாங்க. புருசன் இல்லாம ரெண்டு பொண்ணுங்கள படிக்க வெச்சிகினு கீது அது. இப்ப இவன் பக்கம் தலைய தூக்கிப் பாக்கறதே இல்ல. அது மட்டுமில்ல, லைன்ல ஒருத்தரும் பாக்கறதில்ல. பாத்தா மெமோ வந்துடுமோன்னு பயம். நானும்தான் கம்முனு இருந்துட்டேன். உங்க கோரிக்கை, மேடம் கையெழுத்து, நடுவுல நான் எதுக்குன்னு.

— நான் மெமோ குடுக்கச் சொல்லலீங்க தம்பி. சத்தியமா சொல்லல. கண்டிச்சு வைங்கன்னுதான் சொன்னேன். மெமோ குடுத்த நிர்வாகத்த எதுத்து எத்தன தடவ நாங்க கேட்டுல உக்காந்திருக்கோம்...

— நீங்க முடிச்சுட்டீங்களாப்பா?

— முடிச்சுட்டேன் சாமி.

— வேம்புலி அண்ணா, நீங்க?

— நானும் முடிச்சிட்டேன் நைனா. இனிமே நீதான்.

— எல்லம்மா அக்கா எனக்கு வேலை வைக்கல. முறை குடுத்தாங்க. நான் அட்டைய நீட்டினேன், கடைக்காரர் ஊத்தினார். திரும்பி வரும்போது லாரி ஹார்ன் அடிச்சது. கேன் ஆடி சட்டையில கொட்டிடுச்சு. அப்போதான் அப்பா பாத்தீங்க. அதுக்கப்புறம் நடந்தத நீங்க பாக்கல. நான் இன்னும் முடிக்கல.

— சொல்லு கண்ணு.

— உள்ள வந்தேன். கேன்ல டீ கம்மியா இருந்தது. ரோட்டுக்கும் ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வந்தியாடான்னு எல்லம்மா அக்கா கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. கலாய்க்கறாங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. எல்லாருக்கும் ஊத்தினதுல எனக்கு டீ இல்ல. அவங்க எல்லாரும் அவங்கவங்க டம்ளர்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சம் எனக்கு ஊத்தினாங்க. மத்தவங்க டம்ளர்லேர்ந்து ஊத்தினா எனக்குப் பிடிக்காது. ஆனா அன்னிக்கு குடிச்சேன். எனக்கு சந்தோஷமா இருந்தது.

— நீ ஏஞ்சாமி ஊட்டுக்கு வந்து இதச் சொல்லல?

— சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க, ‘இனிமேல் யாரும் உன்னை ஏவ மாட்டாங்க, அப்பா பாத்துக்கிட்டேன்’னு சொன்னீங்க. அப்புறம் டி.வி. போட்டீங்க.

— இப்ப சொல்லு சாமி.

— சைரன சொல்லிட்டு ஊதணும். வேலைய எழுதித் தரணும். பின்னாடி வந்து தொடக் கூடாது. லைட் மினுக்கக் கூடாது. இதெல்லாம் எனக்கு வேணும். இது இல்லன்னா என்னால வேலை செய்ய முடியாது. இத நீங்க கேட்டு வாங்கினதுக்கு தேங்க்ஸ்பா. மத்ததெல்லாம் நான் கேக்கல. யாரும் என்கூட பேசக் கூடாதுன்னு நான் கேக்கவே இல்ல. எனக்கு பேச நேரமாகும். அவ்வளவுதான்.

— வேலுசாமி சார், எதுக்கு சார் கண்ணு கலங்கறீங்க. குடிக்க தண்ணி தரட்டுமா?

— வேண்டாம் தம்பி. நான் அவனுக்கு வேலி கட்டுறேன்னு நெனச்சுட்டு இருந்தேன். அவன உள்ள வெச்சுப் பூட்டிட்டேனாட்ட இருக்குது. சரி சாமி, அப்பாவுக்குப் புரிஞ்சுது. நீ சொன்னது ரொம்ப நல்லாச் சொன்ன. இப்ப பிளேட எடு. ஷிஃப்ட் முடியறதுக்குள்ள ஒரு பெட்டியாச்சும் வெட்டிக் குடுத்துடு. உன்ற வேலை போயிடும் கண்ணு.

— எடுக்க மாட்டேன்.

— இன்னா நைனா இது. உங்க அப்பாதான் புரிஞ்சுதுன்னு சொல்லிட்டாரே. மேடம் மேல ரூம்லேர்ந்து கண்ணாடி வழியா பாத்துகினே கீது. வேலைய வுடப் போறியா நீ?

— வேலைய விடல. வேலைநிறுத்தம் பண்றேன்.

— ஸ்ட்ரைக்கா? டேய், நம்ம கம்பெனில யூனியனே கெடையாதுடா. ஒண்டி ஆளா எப்டிடா ஸ்ட்ரைக் பண்ணுவ?

— ஒருத்தரும் பண்ணலாம். அப்பா சொல்லியிருக்காங்க. கூட வேலை செய்யறவங்களுக்கு மெமோ குடுத்தா சும்மா இருக்கக் கூடாதுன்னும் சொல்லியிருக்காங்க. எல்லம்மா அக்காவோட மெமோவ வாபஸ் வாங்கற வரைக்கும் நான் பிளேடத் தொட மாட்டேன்.

— நீ இத யார்கிட்டயாச்சும் சொன்னியா நைனா? எல்லம்மாவுக்காவது தெரியுமா?

— தெரியாது. அவங்ககிட்ட பேசினா அவங்களுக்கு இன்னொரு மெமோ வரும்.

— தம்பி, கேட்டீங்களா? என்ற பையன் என்ன சொன்னான்னு கேட்டீங்களா? கூட வேலை செய்யற ஒரு பொம்பளைக்காக, பர்மனென்ட் ஆகற வாரத்துல, வேலைய நிறுத்திட்டு உக்காந்திருக்கறான். எத்தன தலைவருங்களப் பாத்திருக்கறேன், பர்மனென்ட் ஆகற வரைக்கும் வாயே தொறக்க மாட்டாங்க. எனக்குப் பொறந்தவன் தம்பி இவன்.

— பெருமைப்படற நேரமா சார் இது? மணியப் பாருங்க.

— நேரம் கெடக்குது. ஏஞ்சாமி, நீ ஒன்னுத்துக்கும் கவலப்படாத. இனி அப்பா பாத்துக்கறேன். இப்பவே அந்த மேடத்தோட ரூமுக்குப் போறேன். விசாரிக்காம மெமோ குடுக்க என்ன அதிகாரம் இருக்குதுன்னு கேக்கறேன். நானும் வந்து உன்ற பக்கத்துல உக்காந்துக்கறேன். வேம்புலி தம்பி, நீங்க அந்த எல்லம்மாவையும் கூப்புடுங்க. எத்தன நிர்வாகத்தப் பாத்திருக்கறேன், இவங்களையும் ஒரு கை பாத்துடலாம்.

— உக்காருங்கப்பா. நீங்க எனக்காக பேசக் கூடாது.

— ஏஞ்சாமி, நிர்வாகத்துகிட்ட உனக்கு பேச வராது. அது அப்பாவோட வேலை.

— மேடம் நீங்க கேட்டதத்தான் குடுத்தாங்க. வேம்புலி அண்ணாவும் அதத்தான் செஞ்சாங்க. இது நிர்வாகத்த எதிர்த்து இல்லப்பா.

— பின்ன யார எதுத்துடா உக்காந்திருக்கற?

— உங்கள எதிர்த்து. நீங்க கேட்டதால வந்த மெமோ, நீங்க சொன்னாதான் போகும். அதுக்குத்தான் வரச் சொன்னேன். உக்காருங்க, பேச்சுவார்த்தைய ஆரம்பிக்கலாம்.